கோழியின் சுண்ணாம்புக் கணக்கு

1799இல் லூயி நிக்கோலா வோக்லான் ஒரு கோழிக்கு வரவு செலவு எழுதிப் பார்த்தார். ஆள் லேசுப்பட்டவர் அல்ல. குரோமியத்தையும் பெரிலியத்தையும் கண்டுபிடித்த பிரெஞ்சு வேதியியலாளர். கோழிக்கு ஓட்ஸ் தானியத்தை மட்டும் போட்டு, அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அளந்தார். கோழி இட்ட முட்டைகளின் ஓட்டிலும் எச்சத்திலும் எவ்வளவு சுண்ணாம்பு வெளியே வந்தது என்பதையும் அளந்தார். வரவைவிடச் செலவு அதிகமாக இருந்தது. தின்னாத சுண்ணாம்பைக் கோழி வெளியே தள்ளியிருந்தது.

அப்படியானால் சுண்ணாம்பு கோழியின் உடம்புக்குள்ளேயே உண்டாகிறதா? இந்தக் கேள்வியை ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1960களில், லூயி கெர்வ்ரான் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தூசி தட்டி எடுத்தார். கோழி பொட்டாசியத்தைக் கால்சியமாக மாற்றிக்கொள்கிறது என்று அடித்துச் சொன்னார். ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுவது அணு உலைகளில் நடக்கிற காரியம். முட்டையிடும் கோழிக்குள் அது நடப்பதாகச் சொன்னதற்காக 1993இல் அவர் பெயருக்கு ஒரு பரிசும் போனது: நோபலைக் கேலி செய்து வழங்கும் இக் நோபல், இயற்பியல் பிரிவில்.

வோக்லானின் அளவைகள் பெரிய தவறாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர் கோழிக்குள் போனதையும் வெளியே வந்ததையும் எழுதினார். கோழியிடம் ஏற்கெனவே இருந்த கையிருப்பை எழுதவில்லை. அந்தக் கையிருப்பு எலும்பில் இருக்கிறது. முட்டைக்கோழிக்குக் கால்சியம் கொடுப்பது பற்றிய எல்லா யோசனைகளும், எல்லாத் தவறுகளும், இந்தக் கையிருப்பைச் சுற்றித்தான் வருகின்றன.

ஒரு முட்டை ஓடு 5 முதல் 6 கிராம் எடை. அதில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். கால்சியத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் 2 கிராமுக்குச் சற்று மேல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்தக் கோழியின் உடம்பு முழுவதும் இருப்பதே 20 கிராம் கால்சியம் போலத்தான். ஒவ்வொரு முட்டையோடும் பத்தில் ஒரு பங்கு கழன்று போகிறது. வளர்ந்த மனித உடம்பில் சுமார் 1 கிலோ கால்சியம் இருக்கிறது. கோழியின் விகிதப்படி நாம் தினம் 100 கிராமை இழந்து, மறுநாளைக்குள் ஈடுகட்டியாக வேண்டும். நாமக்கல் கூண்டுகளில் ஆண்டுக்கு 300 முட்டைக்குக் குறையாமல் இடும் லேயர் கோழி, அந்த ஓராண்டில் தன் எலும்புக்கூட்டில் உள்ளதைப் போல முப்பது மடங்கு கால்சியத்தை ஓடாக வெளியே அனுப்பிவிடுகிறது.

சரி, நிறையக் கால்சியம் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். சிக்கல் அளவில் மட்டும் இல்லை, நேரத்தில் இருக்கிறது.

மஞ்சள்கரு சினைப்பையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து முட்டை கீழே விழும்வரை 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. வெள்ளைக்கரு சேர மூன்று மணி நேரம் போதும். மேலே மெல்லிய தோல் போர்த்த ஒரு மணி சொச்சம். மீதி சுமார் 20 மணி நேரமும் முட்டை ஓட்டுச் சுரப்பிக்குள் கிடக்கிறது. அதிலும் முதல் சில மணி நேரம் தோலுக்குள் நீர் ஏறி முட்டை உப்புவதிலும், தோலின் மேல் அங்கங்கே சுண்ணாம்புப் புள்ளிகள் பிடிப்பதிலும் கழிகிறது. பிறகுதான் ஓடு மளமளவென்று கட்டப்படுகிறது. பெரும்பாலும் மஞ்சள்கரு காலையில் புறப்படுவதால், இந்த மளமள வேலை நடப்பது இருட்டிய பிறகு. பண்ணையில் விளக்குப் போட்டு 16 மணி நேர வெளிச்சம் கொடுத்தாலும் மீதி 8 மணி நேரம் இருட்டுதான். கோழி இருட்டில் தின்னாது. தொட்டி நிறையத் தீவனம் கிடந்தாலும், கால்சியம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் அது வாயைத் திறப்பதில்லை.

அந்த நேரத்தில் சுரப்பி மணிக்கு 100 முதல் 150 மில்லிகிராம் கால்சியத்தை ரத்தத்திலிருந்து உறிஞ்சுகிறது. முட்டையிடும் கோழியின் ரத்தத்தில் நம்முடையதைப் போல இரண்டு மூன்று மடங்கு கால்சியம் உண்டு. அப்படியிருந்தும், வேறெங்கிருந்தும் வரத்து இல்லையென்றால் ரத்தத்தில் உள்ள மொத்தமும் கால் மணி நேரம் தாங்காது.

இதற்குக் கோழி வைத்திருக்கும் ஏற்பாடு நம் வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணம் மாதிரி. முதல் முட்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஈஸ்ட்ரோஜன் ஏறியதும், கால் எலும்புகளின் உள்குழியில் ஒரு புது எலும்பு முளைக்கத் தொடங்கும். உடம்பைத் தாங்குவது அதன் முதல் வேலை அல்ல. பஞ்சுபோலப் பின்னிக்கிடக்கும் அதன் பின்னல்களுக்கு நடுவே ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பகலில் தின்றதில் மிஞ்சும் கால்சியம் அங்கே போய்ச் சேரும். இரவில் எடுக்கப்பட்டு ரத்தம் வழியாகச் சுரப்பிக்கு வரும். மறுநாள் மறுபடி சேரும். மஜ்ஜைக் குழிக்குள் வளர்வதால் மஜ்ஜை எலும்பு என்று அழைக்கலாம். 1934இல் கைஸ், பாட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பெண் புறாக்களின் எலும்பில் விவரித்தார்கள். சேவலுக்கு இது கிடையாது, பாலூட்டிகளுக்கும் கிடையாது.

எழுபது ஆண்டு கழித்து இந்த எலும்பு எதிர்பாராத ஓர் இடத்தில் தலைகாட்டியது. 2005இல் அமெரிக்க ஆய்வாளர் மேரி ஷ்வைட்சரின் குழு, மொண்டானாவில் கிடைத்த 6.8 கோடி ஆண்டுப் பழைய டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடை எலும்புக்குள் இதே போன்ற திசுவைக் கண்டதாக அறிவித்தது. அந்த டைனோசர் பெண், அதுவும் முட்டையிடும் பருவத்தில் இறந்த பெண் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அதை வைத்துத்தான். கொல்லையில் கிளறிக்கொண்டிருக்கும் பெட்டைக் கோழிக்கு இவ்வளவு பெரிய உறவுக்காரர்கள்.

மஜ்ஜை எலும்பில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏறிய பிறகு, எலும்பு கட்டும் செல்கள் மஜ்ஜை எலும்பை மட்டுமே கட்டுகின்றன. உடம்பைத் தாங்கும் புற எலும்பைக் கட்டுவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. ஆனால் எலும்பைக் கரைக்கும் செல்கள் இரண்டையும் கரைக்கும். தீவனத்தில் கால்சியம் குறைந்தால் முதலில் சிறுவாடு காலியாகும், அப்புறம் வீட்டுச் சுவரையே பெயர்ப்பார்கள். ஓடு பல நாள் நன்றாகவே வந்துகொண்டிருக்கும், எலும்பு மட்டும் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் காலையில் பார்த்தால் கோழி கூண்டுக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கும், எழுந்து நிற்க முடியாது. கூண்டு லேயர்களில் இந்தத் தளர்ச்சி 1950களிலேயே பதிவானது. வோக்லானின் கோழியும் இப்படித் தன் எலும்பைத் தின்றுகொண்டிருந்திருக்க வேண்டும் என்பதே நியாயமான விளக்கம்.

நாட்டுக்கோழி இதில் தப்பித்துக்கொள்கிறது. பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டை நின்று ஈஸ்ட்ரோஜன் இறங்கியதும், கரைந்த புற எலும்பு மறுபடி கட்டப்படும். அடைகாக்கும் குணத்தை நீக்கித்தான் லேயர் இனங்களை உருவாக்கினார்கள். அதோடு எலும்புக்குக் கிடைத்த ஓய்வும் போயிற்று. ஆண்டுக்கு நூறு முட்டைகூட இடாத நாட்டுக்கோழியின் தீவன அட்டவணையை லேயருக்கோ, லேயருடையதை நாட்டுக்கோழிக்கோ அப்படியே எடுத்துப் போடக்கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இப்போது தீவனத் தொட்டிக்கு வருவோம். முட்டையிடும் லேயர் நாளொன்றுக்கு 100 முதல் 115 கிராம் தீவனம் தின்னும். அதில் 3.5 முதல் 4.5 விழுக்காடு கால்சியம் இருக்குமாறு கலப்பது வழக்கம். ஆக, தினம் 4 கிராம் கால்சியம் உள்ளே போகிறது, பாதிக்குச் சற்று மேல் உடம்பில் சேர்கிறது, 2 கிராமுக்குமேல் ஓட்டுக்குப் போகிறது. கணக்கு நேராகத்தான் நிற்கிறது. ஆனாலும் அதே 4 கிராமை எந்த வடிவில், எந்த வேளையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஓடு மாறும்.

சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்துக் கலந்தால் அது வேகமாகக் கரைந்து, பகலிலேயே குடலைக் கடந்து போய்விடுகிறது. அதையே 2 முதல் 4 மில்லிமீட்டர் குருணையாகக் கொடுத்தால் அரைவைப்பையில் தங்கி, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, நள்ளிரவு தாண்டியும் குடலுக்குக் கால்சியம் அனுப்பிக்கொண்டிருக்கும். எலும்பைக் கரைக்க வேண்டிய அவசியம் அந்த அளவுக்குக் குறையும். வயது முதிர்ந்த லேயர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கைக் குருணையாகவும் ஒரு பங்கை மாவாகவும் கொடுப்பது நல்ல வழக்கம். முதிர்ந்த கோழியின் முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டுக்குச் சுரக்கும் சுண்ணாம்பின் அளவு கூடாது. அதே சுண்ணாம்பு பெரிய பரப்பில் பரவுவதால்தான் கிழட்டுக் கோழியின் முட்டை தட்டில் ஏற்றும்போதே கீறல் விடுகிறது.

வேளையைக் கோழியே சொல்லிவிடும். தீவனத்தைத் தனியாகவும் கிளிஞ்சல் குருணையைத் தனியாகவும் வைத்துப் பாருங்கள். காலையில் குருணைப் பக்கம் எட்டிப் பார்க்காத கோழி, சாயங்காலம் கூட்டில் அடையும் முன் வந்து பொறுக்கும். இரவுக்குத் தேவையானதை இருட்டும் முன் வயிற்றில் கட்டிக்கொள்கிறது. சேவல் அதைச் சீண்டுவது அபூர்வம். கோழிக்குக் கால்சியத்துக்கென்றே ஒரு நாட்டம் உண்டு என்பது 1970களின் தொடக்கத்திலேயே சோதனைகளில் தெளிவானது. பண்ணைக்காரர்கள் பிற்பகல் தீவனத்தில் குருணையைக் கூட்டிப் போடுவதும், கோடையில் நடுஇரவில் ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டுத் தின்ன விடுவதும் இதை ஒட்டியே.

குருணை எங்கிருந்து வருகிறது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நல்ல சுண்ணாம்புக்கல்லிலும் கிளிஞ்சலிலும் 38 விழுக்காடு போலக் கால்சியம். இரண்டில் எது கிடைத்தாலும் சரி, கடல் சரக்கு என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். டோலமைட் கலந்த கல் மட்டும் கூடாது. அதிலுள்ள மக்னீசியம் கழிச்சலை உண்டாக்கும், ஓட்டையும் கெடுக்கும். சந்தேகம் வந்தால் நாலு குருணையை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு மேலே வினிகர் ஊற்றுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் ஒவ்வொரு குருணையின் மேலும் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும், கல்லையே மேலே தூக்கிப் பார்க்கும். டோலமைட் சோம்பலாகக் குமிழ் விடும். கருங்கல் ஜல்லி சும்மா கிடக்கும். அந்த ஜல்லி அரைவைப்பையில் தானியத்தை அரைக்க உதவலாமே தவிர ஓட்டுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தராது. மாவைவிடக் குருணையில் குமிழ் அடங்க அதிக நேரம் ஆவதையும் அதே டம்ளரில் பார்த்துவிடலாம்.

சுட்ட கிளிஞ்சல் வேறு, சுடாத கிளிஞ்சல் வேறு. சுட்டு நீற்றியது கால்சியம் ஹைட்ராக்சைடு, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. அதை அப்படியே கொடுத்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். ஆனால் சுவரில் அடித்த வெள்ளை, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாகிவிடும். பழைய சுண்ணாம்புச் சுவரின் அடிப்பகுதியைப் பெட்டைக் கோழிகள் கொத்திக் கொத்திப் பெயர்ப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளிந்த நீரைக் கோழிக்கு வைப்பது பலர் செய்வது. தீங்கில்லாத அளவில் வைத்தாலும் பயன் என்ன என்று கணக்குப் பார்க்கலாம். கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் நீரில் 1.7 கிராமுக்குமேல் கரையாது. அதில் கால்சியம் 0.9 கிராம். கோழி நாளெல்லாம் குடிப்பது கால் லிட்டர். முழுச் செறிவுள்ள தெளிநீரை அவ்வளவும் குடித்தாலும் 0.2 கிராம்தான் போகும், ஓட்டில் பத்தில் ஒரு பங்குக்கு ஆகும். காரம் பிடிக்காமல் கோழி தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் முட்டையே குறையும். முருங்கைக்கீரையும் இதே கதைதான். கீரைகளில் கால்சியம் மிகுந்தவற்றில் அதுவும் ஒன்று. அப்படியும் 100 கிராம் பச்சைக் கீரையில் அரை கிராம் கால்சியம் வராது. கேழ்வரகு 100 கிராமில் 0.35 கிராம் போல. மனிதருக்கு இவை நல்ல கால்சிய உணவுகள். தினம் ஒரு ஓடு கட்டும் உடம்புக்கு இவை போதாது. கரையான் நல்ல புரதம், ஆனால் பூச்சிகளில் பொதுவாகக் கால்சியம் சொற்பம். நத்தை கிடைத்தால் ஓடோடு விழுங்கட்டும்.

கடையில் விற்கும் கால்சியம் டானிக்குகளுக்கும் இதே அளவுகோலைப் பிடிக்கலாம். நூறு கோழி ஒரு நாள் முட்டையிட 200 கிராமுக்குமேல் கால்சியம் ஓடாக வெளியேறுகிறது. வாங்கும் பாட்டிலின் சீட்டில் எத்தனை மில்லிகிராம் எழுதியிருக்கிறது, நூறு கோழிக்கு எத்தனை மில்லி கொடுக்கச் சொல்லியிருக்கிறது என்று பெருக்கிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். டானிக்கால் குணம் தெரிந்தால் பெரும்பாலும் அதிலுள்ள வைட்டமின் டி3 காரணமாக இருக்கும். குடல் கால்சியத்தை உறிஞ்சுவதற்கு டி3 இல்லாமல் ஆகாது. வெயிலில் திரியும் கோழிக்கு அது தோலிலேயே உருவாகும். கூண்டுக் கோழிக்குத் தீவனத்தில் சேர்க்க வேண்டும். தாவர வகையான டி2 நமக்கு உதவும் அளவுக்குக் கோழிக்கு உதவாது.

வீட்டில் உடைத்த முட்டைகளின் ஓடு நல்ல சரக்கு. கழுவி, சட்டியில் வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போட வேண்டும். அரை ஓட்டை அப்படியே எறிந்தால் கோழி முட்டை குடிக்கப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

இத்தனையும் சரியாக இருந்தும் சித்திரை வைகாசியில் ஓடு மெலிந்துபோகிறதே, ஏன்? இதற்கான விடை எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. ஓடு என்பது கால்சியம் மட்டும் அல்ல, கார்பனேட்டும் கூட. நாம் கொடுக்கும் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கார்பனேட் கோழியின் வயிற்று அமிலத்தில் பட்டதும் வாயுவாகிப் போய்விடும், வினிகர் டம்ளரில் பார்த்தது போலவே. ஓட்டிலுள்ள கார்பனேட் புதிதாகச் செய்யப்படுவது. உடம்பில் உண்டாகும் கரியமில வாயுவை, நாம் மூச்சில் வெளியே விடும் அதே கழிவை, ஓட்டுச் சுரப்பி ஒரு நொதியைக் கொண்டு பைகார்பனேட்டாக்கிக் கால்சியத்தோடு சேர்க்கிறது. முட்டை ஓட்டின் எடையில் பெரும் பங்கு கோழியின் மூச்சிலிருந்து பிடித்து வைத்தது என்று சொன்னால் தப்பில்லை.

கோழிக்கு வியர்வை கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்கக் கரியமில வாயு அளவுக்குமேல் வெளியேறி, ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்து, ஓட்டுக்கு ஒரு பக்கச் சரக்கு தட்டுப்பாடாகும். காரம் ஏறிய ரத்தத்தில் கால்சியமும் புரதங்களோடு இறுக ஒட்டிக்கொள்வதால் சுரப்பிக்கு எளிதில் கிடைக்காது. 1980களில் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் இதைத் தலைகீழாகச் சோதித்தார்கள். வெப்பத்தில் வைத்த லெகார்ன் கோழிகளுக்குக் கரியமில வாயு ஏற்றிய தண்ணீரை, அதாவது நம்மூர்க் கோலி சோடாவை, குடிக்கக் கொடுத்தார்கள். ஓடு மேம்பட்டது. எல்லாக் கோழிக்கும் சோடா உடைத்துக் கொடுப்பது நடக்கிற காரியமில்லை. தீவனத்திலோ தண்ணீரிலோ கொஞ்சம் சமையல் சோடா சேர்ப்பதும், குழாய்த் தண்ணீர் சூடேறாமல் பார்ப்பதும், கொட்டகையில் நீர் தெளிப்பதும் அதே திசையில்தான் வேலை செய்கின்றன. வெயில் நாளில் ஓடு மெலிகிறதென்று மேலும் மேலும் கல் கொட்டினால், கோழிக்குத் தீவனம் கசந்துபோய் இன்னும் குறைவாகத் தின்னும்.

திடீரென்று பல கோழிகள் ஒரே சமயத்தில் தோல் முட்டை இட்டால் அதற்குக் கால்சியத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ராணிக்கெட், மூச்சுக்குழல் அழற்சி ஆகிய நோய்கள் ஓட்டுச் சுரப்பியைக் கெடுக்கும். பிந்தையதில் ஓடு சுருக்கம் விழுந்து, உள்ளே வெள்ளைக்கரு தண்ணீராக ஓடும். 1976இல் விவரிக்கப்பட்ட முட்டை வீழ்ச்சி நோய் வந்த கோழி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும், ஓடில்லாத முட்டை இட்டுக்கொண்டிருக்கும். இவற்றுக்குக் கால்நடை மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் சறுக்கும் இடம் குஞ்சுகள் விஷயத்தில். ஒரே மூட்டை போதுமே என்று தாய்க்கும் குஞ்சுக்கும் லேயர் தீவனத்தையே போடுகிறார்கள். வளரும் கோழிக்குத் தீவனத்தில் 1 விழுக்காடு கால்சியம் போதும். நான்கு மடங்கு போனால் சிறுநீரகம் அதை வெளியேற்ற முயன்று தோற்றுப்போகும். சிறுநீர்க் குழாயில் கல் அடைக்கும், யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படியும். சில குஞ்சுகள் உடனே சாகும். சில தப்பித்து வளர்ந்து, முட்டை உச்சத்தில் இருக்கும்போது காரணம் தெரியாமல் சாகும். முட்டைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கொண்டை சிவந்து பெருக்கிறபோது, 2 முதல் 2.5 விழுக்காட்டுக்கு ஏற்றி, முட்டை வரத் தொடங்கியதும் முழு அளவுக்குப் போவது பண்ணை முறை.

கொல்லையில் குஞ்சும் சேவலும் பெட்டையும் கலந்து திரிகிற இடத்தில் இப்படிப் பிரித்துப் போட முடியாது. அங்கே எல்லாருக்கும் வளர் தீவனத்தையே போட்டுவிட்டு, ஒரு பழைய டப்பாவில் கிளிஞ்சல் குருணையை மழை படாத இடத்தில், பெட்டைகளின் கழுத்துயரத்துக்குக் கட்டி வைத்தால் போதும். குஞ்சுகளுக்கு எட்டாது, சேவலுக்கு வேண்டாம், முட்டையிடும் கோழி சாயங்காலம் தன் அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். அடைக்கு உட்கார்ந்த பெட்டையும், இறகு உதிர்க்கும் பெட்டையும் டப்பாவை ஏறெடுத்துப் பார்க்காமல் போனால் கவலைப்பட வேண்டாம். மறுபடி முட்டைக்கு வரும்போது அவை திரும்பி வரும்.